வாளை மடுவில் படம் பிடித்த காலம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். எதிரில் நிற்கிற எல்லோரையும் பார்க்கும், தன்னைத் தூக்கிச் சுமக்கிறவனை மட்டும் ஒருநாளும் பார்க்காது. அது என்ன?

கேமரா. சட்டென்று சொல்லிவிட்டீர்கள் என்றால் நீங்களும் என்னைப் போல அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து என்று அலைந்தவராக இருப்பீர்கள். தாலி கட்டுகிற நேரத்தில் பிளாஷ் எரியாமல் போனவர், பிலிமைச் சுற்ற மறந்து மாப்பிள்ளை மேலேயே மாமனாரையும் பதித்தவர், "என் மூக்கு இப்படியா இருக்குது?" என்ற கேள்விக்குப் பதில் தேடியவர், எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் உங்களில் யாரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பல்லுள்ள மீனுக்கு மனிதர்கள் கையால் தீனி கொடுப்பதைப் படம் எடுத்திருக்க மாட்டீர்கள். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகள் பாதி போகும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை. மற்ற நாட்களில் கண்ணமங்கலத்தில் ஒரு சிறிய ஸ்டுடியோ.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். படவேட்டைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஓர் ஓடை இறங்கி வருகிறது. அது ஒரு பாறைக் குழியில் தேங்கி ஆழமாக நிற்கும். அதற்குப் பெயர் வாளை மடு. கரையோரம் தண்ணீருக்கடியில் மேடை போல ஒரு பாறை சரிந்திருக்கும். அதன் கரைப்பக்கம் நின்றால் முழங்கால் ஆழம், முனையில் நின்றால் இடுப்பளவு. அதற்கு அப்பால் தண்ணீர் கருப்பாக இருக்கும். அந்தக் கருப்பில்தான் வாளைகள் இருந்தன. வாளைக்குச் செதில் கிடையாது. நீளமான வெள்ளை உடம்பு, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய், உள்ளே சீப்பு போல நெருக்கமான பற்கள், முன்னால் இரண்டு நீண்ட மீசை. கடலையே பார்க்காத எங்கள் பக்கத்து ஜனங்கள் அதை 'ஆத்துச் சொறா' என்பார்கள்.

மலைக்கிராமத்தார் அந்த மீனைப் பிடிப்பதில்லை, தீனிதான் போடுவார்கள். அவர்களில் வெள்ளையன் என்பவர் பார்க்க வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்கி, கையைப் பிடித்து நிறுத்தி, தீனி கொடுக்க வைப்பார். சாமையும் புளியும் விளைவிக்கிறவர். காசு வாங்கமாட்டார், உப்பும் வெற்றிலையும் கொண்டுபோனால் போதும்.

ஒரு பட்டாளத்துக்காரர் லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப முடியுமா, முடியாதா என்பது இந்த மடுவில் ஒருநாள் அவருடைய எட்டு வயது மகளின் கைக்கு வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மடுவின் பழக்கவழக்கம் தெரியாமல் அது புரியாது. அதனால் வரிசையாக வருகிறேன்.

டின்னுக்குள் கேமரா

தண்ணீருக்குள் படம் எடுக்கிற கேமராவெல்லாம் அப்போது எனக்குக் கிடைக்கிற பொருள் அல்ல. சதுரமான எண்ணெய் டின் ஒன்றை வாங்கி, அதன் அடியை வெட்டிவிட்டு, அங்கே ஒரு கண்ணாடியை வைத்து, ஜன்னலுக்குப் பூசுகிற மக்கைப் பூசி ஒட்டினேன். டின்னைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து, உள்ளே கேமராவை இறக்கி, கண்ணாடி வழியாக எடுக்க வேண்டும். காற்றடைத்த டின்னைத் தண்ணீர் மேலே தள்ளும் என்பதை அழுத்திய பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஓடைக் கல் ஒன்றை உள்ளே போட்டதும் சரியாயிற்று. ஆரணியிலிருந்து வந்த ஒரு பட்டு வியாபாரியை முதலில் எடுத்தேன். வாளையின் வாய், மீசை, கண் எல்லாம் கண்ணாடி போல விழுந்திருந்தது. பக்கத்தில் இரண்டு கால்கள். வியாபாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீனு ரொம்ப நல்லா இருக்குது சார். இது என் காலுதான்னு எங்க வூட்ல யாரு நம்புவாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. கண்ணாடியை டின்னின் பக்கவாட்டுக்கு மாற்றினேன். பாதிக் கண்ணாடி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே. மேலே முகம் தெரியும், கீழே மீன் தெரியும். ஆனால் தண்ணீருக்குள் இருப்பது எப்போதும் பெரிதாகவும் சற்று நகர்ந்தும் தெரியும் அல்லவா? படத்தில் எல்லோருக்கும் இடுப்புக்கு மேலே ஓர் உடம்பு, கீழே அதைவிடப் பெரிதாக, ஒரு சாண் தள்ளி இன்னோர் உடம்பு. சந்தவாசலிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா, கைக்குட்டையால் படத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல இருக்கறது நான்தான். கீழ யாருங்க சார் நிக்கறது?"

ரெடி

தீனி கொடுப்பதற்கு வெள்ளையன் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுப்பார். கோழிக்குடலையோ ஈரலையோ உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்ட வேண்டும். வாளை மெதுவாக வரும். முதலில் மீசை விரலில் படும். பட்டவுடனே விட்டுவிட வேண்டும். "மீச பட்டா உட்டுடு" என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் தீனியைக் கொடுப்பார். அப்படி விட்டவர்கள் யாரையும் வாளை தொட்டது கிடையாது.

ஒரு கரும்பு விவசாயி வந்தார். படவேட்டுப் பக்கம், நல்ல திடமான ஆள். பாடத்தைச் சரியாகச் சொன்னார். தண்ணீரில் இறங்கினார், கையை நீட்டினார். நான் டின்னைத் தூக்கியதைப் பார்த்ததும் அவருக்கு ஸ்டுடியோ ஞாபகம் வந்துவிட்டது. மூச்சை அடக்கி, கழுத்தை நிமிர்த்தி, கண்ணைக் கொட்டாமல் நின்றுவிட்டார். மீசை பட்டது, விடவில்லை. வாளை ஈரலோடு சேர்த்து இரண்டு விரலையும் ஒரு முறை கவ்விப் பார்த்துவிட்டுப் போயிற்று. அப்போதும் அந்த மனிதர் அசையவில்லை. தண்ணீரில் ரத்தம் கரைகிறது, வெள்ளையன் அவரைக் கரைக்கு இழுக்கிறார், அவர் என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார். கையில் மஞ்சள் வைத்துக் கட்டும்போது, ஏன் விடவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "நீங்க இன்னும் ரெடி சொல்லலியே சார், நான் எப்பிடிக் கைய எடுக்கறது?"

முதுகு காட்டியவர்கள்

உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். அருவிக்கு முன்னால் நிற்கிறவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். கோபுரமானாலும் அப்படித்தான். மடுவிலும் அதே கதை. மலையேறி, வழுக்கி விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து சேர்வார்கள். தண்ணீரில் இறங்குவார்கள். வாளை வருகிற கணத்தில் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். வாளை ஒரு கணம்தான் மேலே வரும். தீனியை எடுத்தால் திரும்பிவிடும். அவர்கள் சிரிப்பை முடித்துக்கொண்டு குனியும்போது தண்ணீரில் வளையம் மட்டும் இருக்கும்.

"மீனப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப மூஞ்சி எப்பிடி சார் விழும்?" என்று கேட்டார்கள். விழாதுதான். பக்கவாட்டில் நின்று எடுக்கப் பழகிக்கொண்டேன். பாதி முகமாவது விழும். அதிலும் பாதிப் பேர் கடைசி நொடியில் திரும்பிவிடுவார்கள். கண்ணமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் குடும்பத்தோடு வந்து, எல்லோரும் வரிசையாகத் தீனி கொடுத்து, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்து, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கிளம்பினார். நாலடி போனவர் திரும்பி வந்து சொன்னார்: "படம் கழுவினதும் சொல்லி அனுப்புங்க சார். மீனு எப்பிடி இருக்கும்னு நானும் பாக்கணும்."

அவங்க சொல்லட்டும்

வெள்ளையனுக்கு இன்னொரு விதியும் இருந்தது. தண்ணீரில் இறங்குகிறவர்கள் இறங்குகிறேன் என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக்கூடாது. காரணம் மீன் அல்ல, மடு. சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் ஒரு தகராறு வந்தால், இரண்டு பக்கத்தாரும் இந்த மடுவில் இறங்கி நின்றுதான் பேசுவார்களாம். கரையில் நின்று எதை வேண்டுமானாலும் பேசலாம், மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரில் நின்று சொன்னதை மாற்றக்கூடாது. யாருக்குச் சொன்னோமோ அவரே போதும் என்று விட்டால்தான் விடுதலை. வெள்ளையனே ஒருமுறை கோபத்தில், "இந்த வருசத்துலருந்து அந்தப் புளியமரம் உனுக்குத்தான்" என்று தம்பியிடம் தண்ணீரில் நின்று சொல்லிவிட்டார். தம்பி விடவில்லை. மரம் ஏறி உலுக்குவது மட்டும் இன்னமும் அண்ணன்தான், ஏனென்றால் தம்பிக்கு மரம் ஏறத் தெரியாது.

ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். வெள்ளையன் பெண்ணைப் பார்த்து, "எறங்கறியாம்மா?" என்றார். மாப்பிள்ளை, "எறங்குவா, எறங்குவா" என்றார். வெள்ளையன் அவரைக் கவனிக்கவே இல்லை. மறுபடி பெண்ணையே கேட்டார். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "நான்தான் சொல்றேனே, அவ எம் பேச்ச மீறமாட்டா."

"அவங்க சொல்லட்டும் தம்பி."

அந்தப் பெண் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மடுவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் அதுவரை செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கல்யாணமாகி அவள் வெளி ஆட்கள் முன்னால் பேசிய முதல் பேச்சு இதுதான் என்று பிறகு மாப்பிள்ளையே என்னிடம் சொன்னார். அவள் சொன்னது: "நான் எறங்கறேன். அவரு கரையில இருந்து பாக்கட்டும்."

வராத நாள்

மேகம் கூடி, மலைமேல் இடி இடித்தால் வாளைகள் அடியிலேயே இருந்துவிடும். அன்றைக்கு வந்தவர்கள் முதலில் வெள்ளையனைக் கோபிப்பார்கள், பிறகு என்னை, பிறகு அழைத்து வந்தவரை. காவலூர் வானாராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிற ஒருவர் ஒருமுறை அப்படி ஒரு நாளில் வந்து மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போன பிறகும் அவர் மட்டும் பாறையில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சோற்றை நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கும் கொடுத்தார். ஏமாற்றமாக இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே மேலே மேகத்தைக் காட்டினார். "எங்க வேலையும் இதேதாங்க. அங்க வானம் வரணும், இங்க மீனு வரணும். நாம வந்தது மட்டும்தான் நம்ம கையில."

மச்சான் தலை

எண்பதுகளில் வீடியோ வந்தது. வேலூரில் ஒருவரிடம் வாடகைக்குக் கிடைத்தது. இப்போது நினைப்பது போல ஒற்றைப் பொருள் அல்ல. தோளில் கேமரா; அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர்; ஒயரின் மறுமுனையில் சூட்கேஸ் கனத்தில் கேசட் ஓடுகிற ரிக்கார்டர். கேமராக்காரன் போகிற இடமெல்லாம் ரிக்கார்டரும் போக வேண்டும். நிலத்தில் தோளில் தொங்கவிடலாம். தண்ணீரில்?

வீடியோ வேண்டும் என்று கேட்டு வந்தவர் துரைசாமி. பட்டாளத்தில் ஹவில்தார். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது சாதாரணம். லீவு முடிய ஒரு வாரம் இருந்தபோது ஸ்டுடியோவுக்கு வந்தார். "எங்க யூனிட்ல டிவியும் டெக்கும் இருக்குது சார். போட்டோன்னா கம்னு இருக்கும். இதுல எம் பொண்ணு நடக்கும், பேசும். அத்த எடுத்துக் குடுங்க" என்றார். மடுவில் எடுக்கலாம் என்பது அவர் யோசனைதான். மகளுக்கு ஒரு ஊர்சுற்றலாகவும் இருக்கும்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மடுவுக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போது அவர் மனைவி இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் துரைசாமி விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, காட்பாடிக்குப் போய் ரயில் பிடிப்பார். மகள் மலர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவார். "அது அழுதா இவரால போவ முடியாதுங்க, அதான்." மலர் எழுந்ததும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டாளாம். கொடியில் நைனாவின், அதாவது அப்பாவின், சட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாளாம். மறுநாள் காலையும் அந்தச் சட்டை கொடியில் இருக்காது. இது அவளுக்கும் தெரியும்.

ரிக்கார்டரைத் தூக்க மனைவியின் தம்பி குமாரை அழைத்து வந்திருந்தார்கள். மடுவில் அதை நனையாமல் வைக்க ஒரே இடம்தான் இருந்தது. துண்டைச் சும்மாடாகச் சுற்றி குமாரின் தலையில் ஏற்றினோம். ஒயர் நீளம் கொஞ்சம்தான். நான் ஓரடி நகர்ந்தால் அவரும் ஓரடி நகர வேண்டும். வழுக்குப் பாறையில் இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் இருவரும் ஜோடியாக நகர்ந்ததைப் பார்த்து, துரைசாமி, "இன்னாடா இதுக்கே மொனகுற? நாங்க பனியில துப்பாக்கியத் தூக்கிகினு ராப்பகலா நிக்கிறோம்" என்றார். குமார் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பினார். "துப்பாக்கியில ஒயரு இருக்குதா மாமா?"

தண்ணீரில் நின்று சொன்னது

துரைசாமி முதலில் இறங்கினார். ஈரலை நீட்டினார், மீசை பட்டது, விட்டார். அழகாக வந்திருந்தது. கரையில் வேறு சில குடும்பங்களும் நின்று பார்த்தன. மலர் பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளையன் அவளிடம் போய், "நீ எறங்கறியா பாப்பா?" என்றார். அவள் தண்ணீரையே பார்த்தாள்.

"இவளா? பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறிடுவா" என்று துரைசாமி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கேசட் ஓடுகிறது, மகளைப் பேச வைக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. "ஏ மலரு! நீ வந்து ஒரே ஒரு வாட்டி மீனுக்குக் குடுத்துடு. நைனா பட்டாளத்துக்கே போவல. இங்கியே இருந்துடறேன். இன்னா சொல்ற?"

குமார் சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா சார் இப்பிடிச் சொல்லிட்டீங்க?" என்றார்.

"தமாசுக்குச் சொன்னேன்பா."

"கரையில நின்னு சொல்லியிருந்தா தமாசு."

அதற்குள் மலர் எழுந்து நின்றுவிட்டாள். பாவாடையை இடுப்பில் செருகினாள். "நான் எறங்கறேன்" என்றாள்.

அவள் அம்மா கரையிலிருந்து, "உங்களுக்கு வேற வெளையாட்டே கெடைக்கலியா?" என்று துரைசாமியைப் பார்த்துக் கத்தினார். துரைசாமியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வெள்ளையனிடம் குரலைத் தணித்து, "நான் போவலன்னா புடிக்க ஆளு வரும்பா. வெளையாட்டு இல்ல" என்றார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா நான் மாத்த முடியாது. யாருக்குச் சொன்னீங்களோ அவங்க உடணும்."

நீங்கள் கேட்கலாம், சின்னப் பெண்ணிடம் சொன்ன விளையாட்டு வார்த்தைதானே, மறுநாள் பஸ் ஏறினால் யார் என்ன செய்ய முடியும் என்று. ஒன்றும் செய்ய முடியாது. துரைசாமிக்கும் அது தெரியும். ஆனால் அவள் பல்லிக்கே பயப்படுகிறவள், இவர் போகாமல் இருப்பதற்காக வாளைக்குக் கை நீட்டப் போகிறாள். அதன் பிறகும் மறுநாள் காலையில் கொடியில் சட்டை இல்லையென்றால், இவர் இனி எப்போது வந்தாலும் எந்த வார்த்தையைச் சொல்ல முடியும்? கேமராவை நிறுத்தவா என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

வாயால் சொன்னவர்களை வெள்ளையன் மறுப்பதில்லை. மலரின் கையைப் பிடித்து இறக்கி, முழங்காலுக்குச் சற்று மேல் வரை தண்ணீர் வருகிற இடத்தில் நிறுத்தினார். "மீச பட்டா உட்டுடு" என்று அவளைச் சொல்ல வைத்தார். உள்ளங்கையில் ஒரு துண்டு ஈரலை வைத்தார். அவள் கையைத் தண்ணீருக்குள் நீட்டினாள். கருப்பிலிருந்து ஒரு வாளை மெதுவாக எழுந்து வந்தது. மீசைக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது மலர் கையை வெளியே எடுத்துவிட்டாள். பயத்தால் அல்ல. அவளுக்கு ஒரு சந்தேகம்.

"நைனா, நீ போவலன்னா இன்னா பண்ணுவாங்க?"

துரைசாமி வெள்ளையனைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். "வந்து புடிச்சிகினு போவாங்க."

"எங்க?"

"ஜெயிலுக்கு."

"ஜெயில்ல லீவு உடுவாங்களா?"

"உடமாட்டாங்கம்மா."

"பட்டாளத்துல?"

"வருசத்துக்கு ஒரு வாட்டி உடுவாங்க. அப்பதான நான் வர்றேன்."

மலர் யோசித்தாள். கணக்கு வாத்தியார் கரும்பலகைக்கு அழைத்தால் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குமார்தான் பொறுக்க முடியாமல், "பாப்பா, எதுனா ஒண்ணு சீக்கிரம் சொல்லு. மாமா கழுத்து ஒடியுது" என்றார்.

"அப்ப நான் குடுக்கல" என்றாள் மலர். "நீ போ." ஈரலை வெள்ளையன் கையில் வைத்தாள். பிறகு நைனாவைப் பார்த்து, "ஆனா நான் தூங்கசொல்ல போவாத. எழுப்பிட்டுப் போ" என்றாள்.

"எழுப்பறேன்."

"தண்ணியில நின்னு சொல்லு."

"நிக்கிறேனேம்மா."

"கையயும் உள்ள வெச்சிகினு சொல்லு."

ஹவில்தார் துரைசாமி குனிந்து இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் வைத்தார். அப்படியே மகளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "உன்ன எழுப்பி, உம் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுத்தான் போவேன்."

காப்பி எடுக்க வந்தவர்

அன்று இரவே கேசட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு காப்பி வேண்டும் என்று சொன்னதால் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேலூர் போனபோதே ஒன்று போட்டு வைத்திருந்தேன். அதை வாங்க அந்த வாரக் கடைசியில் குமார் வந்தார். கழுத்தில் தைலத்தின் நெடி. உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். தொடக்கத்தில் ஒரு தரம் வந்ததோடு சரி. அதன் பிறகு கேசட் முழுக்க வாளையே இல்லை. மலர் முகம், துரைசாமி முகம், மறுபடி மலர் முகம். மீனைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. நடுவே குமாரின் முனகல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. "அது மட்டும் எடுத்துட முடியாதா சார்? யூனிட் பூரா கேப்பாங்களே" என்று கவலைப்பட்டார். அந்தக் கேசட் அவரோடு எப்போதோ போய்விட்டது, முடியாது என்றேன்.

பிறகு நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். எழுப்பினாரா?

"எழுப்பினாரு சார். யூனிபாரம் எல்லாம் மாட்டிகினு, பெட்டிய வாசல்ல வெச்சிட்டு, மண்டிபோட்டு எழுப்பினாரு. அழுது ஊரக் கூட்டுவான்னு எங்க அக்கா பக்கத்து வூட்ல எல்லாம் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தா. எல்லாரும் முழிச்சிகினு ஒக்காந்திருந்தோம். 'நைனா போய்ட்டு வர்றேம்மா, பஸ்ஸு வரைக்கும் வர்றியா?'ன்னாரு. அது கண்ணத் தொறந்து அவரு மூஞ்சிய நல்லாப் பாத்துச்சு. 'சரி, போய்ட்டு வா'ன்னுச்சு. அவ்ளோதான் சார்."

முக்கியமான கட்டத்தில் கேமராக்காரன் அங்கே இருப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஊர் முழுக்க விழித்திருந்த அந்தக் காலையில் மலர் நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகாமல், திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.